ரெண்டு மெஷினும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

வெட்டுத் தொழிலில் இறங்குகிறவன் முதல் நாள் கற்றுக்கொள்வது, ஷீட்டை நம்பக் கூடாது என்பது. இரண்டாம் நாள் கற்றுக்கொள்வது, ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவரையும் நம்பக் கூடாது என்பது.

நான் எழுத்து வெட்டுகிறவன். கடை போர்டு, வீட்டுப் பெயர்ப்பலகை, கல்யாண மேடையில் ஒட்டும் மாப்பிள்ளை பெண் பெயர், சாவிக்கொத்து, எது வந்தாலும் வெட்டுவேன். தாராவியில் எங்கள் வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. கீழே அம்மா, அண்ணன், மதினி. மேலே நானும் மெஷினும். நடுவில் இருப்பதைத் தளம் என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அது இரும்புச் சட்டத்தின் மேல் போட்ட பலகை. மேலே பென்சிலை நழுவவிட்டால் கீழே குழம்புச் சட்டியில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே மெஷின் போட்டுப் பிழைக்கும் சக துயரிகளே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

போன மழை விட்ட கையோடு என் மாடியில் இரண்டு மெஷின்கள் வந்து உட்கார்ந்தன. ஒன்று ரூட்டர். அதில் பிட் என்ற வெட்டுமுனை சுழன்று ஷீட்டைக் கடித்துக் கடித்து வெட்டும். தூளும் சத்தமும் அதன் குணம். மற்றது லேசர். வெளிச்சத்தாலேயே பொசுக்கி வெட்டும். சத்தம் கிடையாது, புகை உண்டு. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. அண்ணனுக்கு லேசர் மேல்தான் ஆசை. டிராம்பேயில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஏணியேறி, மூடிக் கண்ணாடி வழியாக அந்தப் பொறியையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா அதற்குக் குங்குமம் வைத்து மாலையே போட்டுவிட்டாள்.

எனக்கு ஆசை அல்ல, கவலைதான் அளவுகோல். மதினி பொன்மணிக்கு அப்போது ஐந்து மாதம். புகையும் தூசியும் கிட்டே வரக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மதினி பகல் முழுக்க இருப்பதோ என் மெஷினுக்கு நேர் கீழே. ஐந்தாம் மாதத்திலும் அவருக்கு வாந்தி நிற்கவில்லை. "சிலருக்கு அப்படித்தான்" என்றாள் அம்மா. உலகத்தில் எதையும் நம்பாத நான், அதை மட்டும் நம்பினேன்.

இரண்டு சிபாரிசுகள்

லேசரைக் கொடுத்தவர் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பாலக்காட்டுக்காரர். முலுண்டில் இருப்பதால் முலுண்ட் சார் என்பேன். பொழுதுபோக்குக்கு வாங்கியதாம். விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று விசாரிப்பது என் வழக்கம். "இடம் போறலை" என்றார். மூன்று படுக்கையறை ஃப்ளாட். மெஷின் பால்கனியில் இருந்தது. அதன் பின்னால் சுவரில் ஆள் உயரத்துக்குப் பழுப்புக் கறை. அதைப் பார்த்துக்கொண்டே, புகை வருமோ என்று கேட்டேன். நான் பேசுவது எப்போதும் மெல்லத்தான் என்பதால் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து அவர் வீட்டு மாமி பெரிதாக இருமினார். சார் குரலைத் தாழ்த்தி, "புகையா? அது புகை இல்லை, கேட்டியா, ஒரு வாசனையாக்கும்" என்றார்.

ரூட்டர் கோவண்டியில் இருக்கும் பீட்டர் செய்தது. என் சினேகிதன், தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். சினேகிதன் என்பதால் கூடுதலாகச் சந்தேகப்பட்டேன். தெரியாதவன் ஏமாற்றினால் சண்டை போடலாம், தெரிந்தவனிடம் டீதான் குடிக்க முடியும். நான் போனபோது எம்டிஎஃப், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, வெட்டிக்கொண்டிருந்தான். அவன் புருவம், மீசை, டீ கிளாஸ், சுவரில் மாட்டிய ஏசு படம் எல்லாம் ஒரே மண் நிறம். தூசி அதிகமோ என்றேன். இரண்டு தும்மல் போட்டு, மூக்கைத் துடைத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டான்: "எங்கல இருக்கு தூசி?"

செம்புக் கம்பி

செம்பூரில் டியூஷன் வகுப்பு நடத்தும் ஒருவர் வெள்ளை ஷீட் ஒன்றைக் கொண்டுவந்தார். லேசரில் எழுத்து வெட்ட வேண்டும். "பக்கா அக்ரிலிக், தம்பி. கடைக்காரன் சத்தியம் பண்ணிக் குடுத்தான்." சத்தியம் என்ற சொல் வந்தாலே என் கை செம்புக் கம்பிக்குப் போய்விடும். அக்ரிலிக்கும் பிவிசியும் பார்வைக்கு அண்ணன் தம்பி. பிவிசியை லேசரில் விட்டால் வரும் புகை மெஷினையே துருப்பிடிக்க வைக்கும். மனுசன் நெஞ்சு எம்மாத்திரம்?

வாசலுக்குக் கூட்டிப்போய் சின்ன கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தேன். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஷீட் ஓரத்தைத் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டினேன். அக்ரிலிக் என்றால் சாதாரணமாக எரியும். இது பச்சைப் பசேல் என்று எரிந்தது. பிவிசி. அவரை நிமிர்ந்து பார்த்தேன், முகம் தொங்கியிருக்கும் என்று. மனிதர் பூரித்துப் போயிருந்தார். "பச்சை விழுந்தாச்சே தம்பி, அப்புறம் என்ன யோசனை? வண்டியை எடுங்க!"

சுத்தமான தோல்

கம்பியின் புகழ் சந்து முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துச் சுவர்க்காரர் பை விற்கும் அண்ணாச்சி. ஒரு நாள் முற்பகல் ஒரு வட இந்திய வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நூறு சாவிக்கொத்து, தோலில் கம்பெனிப் பெயர் பொறிக்க வேண்டும். "பியூர் லெதர், ஏக்தம் பியூர்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே என் கையில் ஒரு துண்டைத் திணித்தார்.

எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பழக்கம்தான். கம்பியைக் காய்ச்சித் தொட்டேன். பச்சை. தோல் பச்சையாக எரியாது, ரெக்சின் எரியும். அதை வாயால் சொல்லக்கூட இல்லை. ஆனால் அந்த வாடிக்கையாளர் முந்தின வாரம்தான் செம்பூர்க்காரர் கதையைக் கேட்டிருக்கிறார். நெருப்பைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி தோல் துண்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "ஏல, இது வெட்டுத கடையா, போட்டுக் குடுக்குத கடையா?" என்றார்.

மொட்டைக் கடுதாசி

மூன்றாம் வாரம். காலையில் பாலுக்காகக் கதவைத் திறந்தபோது இடுக்கில் நான்காக மடித்த ஒரு நோட்டுத் தாள் இருந்தது. கையெழுத்து அழகாக இருந்தது. கீழே கையெழுத்துத்தான் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தமிழ் காதுவழியாக வந்தது. தாத்தாவும் ஆச்சியும் சோற்றோடு பிசைந்து ஊட்டியதெல்லாம் கதைதான். படிப்பு இங்கிலீஷ் மீடியம். அச்சு என்றால் எழுத்துக்கூட்டி ஓட்டிவிடுவேன். கையால் எழுதியது ஓடாது. அதனால் நான் வெட்டும் தமிழுக்கெல்லாம் பிழை பார்ப்பது மதினிதான். திருநெல்வேலிப் பக்கம் பள்ளிக்கூடம் படித்துவிட்டு இரண்டு வருஷம் முன்னால் கல்யாணமாகி இங்கே வந்தவர். நான் அச்செடுத்து ஏணி வழியாகக் கீழே நீட்டுவேன். விட்டுப்போன புள்ளியெல்லாம் ஏறிக்கொண்டு தாள் மேலே வரும். ஆகவே இந்தச் சீட்டையும் அவரிடமே நீட்டினேன். கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"மேல்மாடியில் ஷீட் பொசுக்கும்போது வரும் புகை மூச்சை அடைக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் இது நியாயமா? உடனே நிறுத்தாவிட்டால் வார்டு ஆபீசில் மனு கொடுக்கப்படும்."

"எந்தப் பாவி எழுதினது?" என்று அம்மா கரண்டியோடு வாசலுக்குப் போய் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அண்ணன் சட்டைக் கையை மடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதினியைச் சாக்கு வைத்து என் தொழிலில் கை வைக்கிறானே! வார்டு ஆபீசிலிருந்து ஆள் வந்தால் லேசரோடு போகுமா? ரூட்டரும் போகும், மாடிக்கே பூட்டு விழும். யாராயிருக்கும் என்று மதினியையே கேட்டேன். தாளை முன்பிருந்தபடியே நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார். "யாருன்னு தெரியல தம்பி, ஆனா நல்லாப் படிச்ச ஆளு. ஒரு எடத்துலகூட ஒற்று விடல, பாத்தியளா?"

இலவசப் பெயர்ப்பலகை

எழுதினவனைப் பிடிக்க வேண்டுமென்றால் சந்தில் உள்ளவர்களின் எழுத்து வேண்டும். கேட்டால் யார் கொடுப்பார்கள்? யோசித்து ஒரு வலை பின்னினேன். வாசலில் மாட்டத் தமிழ்ப் பெயர்ப்பலகை இலவசம். ஒரே நிபந்தனை, வீட்டுக்காரர் பெயரைத் தமிழில் தன் கையாலேயே எழுதித் தர வேண்டும்.

இலவசம் என்றதும் கூட்டம் கூடும் என்று நினைத்தேன். கதவுதான் சாத்தினார்கள். தாராவியில் ஒருத்தன் தாளும் பேனாவுமாக வீடு வீடாக ஏறி, பெயரெழுதித் தாருங்கள் என்று கேட்டால், வீடுகளை இடித்துக் கட்ட வரும் பில்டருக்குச் சம்மதக் கையெழுத்து வாங்குகிறான் என்றுதான் அர்த்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "ஏல, யாரு ஒன்ன அனுப்புனது? பில்டரா?" என்றார் அண்ணாச்சி. தன் எழுத்தை வாங்கி வீட்டைக் காலி பண்ண வைக்கவா என்று ஒரு அக்கா கேட்டார். நான் மெல்லப் பேசியது இன்னும் மோசமாகிவிட்டது. ரகசியம் பேசுகிறான் என்றார்கள்.

கெஞ்சிக் கூத்தாடியதில் பதினோரு பேர் எழுதினார்கள். மூவர் இந்தி எழுத்தில். நால்வர் இங்கிலீஷில். மீதி நால்வர் தமிழில், புள்ளி என்று ஒன்று உண்டு என்பதே தெரியாமல். செல்வம் 'செலவம' ஆகியிருந்தார், முத்தையா 'முததையா' ஆகியிருந்தார். ஒற்று விடாத அந்தப் படித்த பாவி இவர்களில் இல்லை. பன்னிரண்டாவதாக ஒரு டாக்ஸி டிரைவர் அண்ணன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எம் பேரை எப்படி எழுதணும்னு ஆதாரைப் பாத்துத்தான் சொல்லணும் தம்பி, அதுலயும் மராட்டியிலல்லா போட்டிருக்கான்."

மாட்டுங்கா மாமியும் மூன்று சுழியும்

அந்த வாரத்திலேயே மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்தார். வீட்டு வாசலுக்கு 'கல்யாணி' என்று மரத்தில் பெயர்ப்பலகை. உட்காராமல், புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, லேசர் படுக்கையைக் குனிந்து முகர்ந்தார். "ஏன்டாப்பா, இதுல தோல்கீலெல்லாம் வெட்டுவியோ?" பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எப்போதாவது, என்றேன். "அதே பலகை மேலயா அம்பாள் பேரும்?" அடுத்த மெஷின் சைவம் மாமி, என்று ரூட்டரைக் காட்டினேன்.

சைவ மெஷினுக்கு வேறு குறை. சின்னச் சுழிக்குள் தடித்த பிட் திரும்பாது. 'ணி'யில் இரண்டு சுழிகள் ஒன்றாகிவிட்டன. தேய்த்து எண்ணெய் பூசி நீட்டினேன், கவனிக்கமாட்டார் என்று. மும்பையில் பாதிப் பேர் தமிழைப் படமாகத்தான் பார்க்கிறார்கள். மாமி விரலை வைத்து எண்ணினார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மூன்றாம் தடவை. "மூணு சுழி 'ணி'யைன்னா கேட்டேன்? நீ ஒரு சுழியைச் சாப்ட்டுட்டியே. இந்த மெஷினும் சைவம் இல்லைடாப்பா!"

காணாமல் போன புள்ளிகள்

கோவில் விழா ஒன்றுக்குச் சிவப்பு அக்ரிலிக்கில் எழுத்து வெட்டினேன். தமிழ் எழுத்து வெட்டுகிறவர்களுக்குத் தெரியும்: எழுத்தைக்கூடப் பிடித்துவிடலாம், புள்ளியைப் பிடிக்க முடியாது. தனித் துண்டாக விழும், உருளும், ஒளியும். எண்ணிப் பையில் போட்டு வைத்ததில் இரண்டு குறைந்தது. மொட்டைக் கடுதாசிக்குப் பிறகு என் புத்தி நேராக இல்லை. எதிரி உள்ளே புகுந்து புள்ளியைத் திருடுகிறான், விழாக் குழுவிடம் என் பெயரைக் கெடுக்கிறான் என்றே முடிவு கட்டிவிட்டேன். பீட்டரைக்கூட, வேலைக்கு உதவ வந்தவனை, பையைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினான். பிறகு ஒரு நாள் பேசவில்லை.

மறுநாள் கீழே முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். ஓரத்தில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு வரிசை. அதன் கீழே சட்ட விளிம்பில் இரண்டு மட்டும், மற்றவற்றைவிடத் தடிமனாக, பளபளவென்று. என் புள்ளிகள்தான், பலகை இடுக்கு வழியாக விழுந்திருக்கின்றன. அம்மா கொஞ்சம்கூட அசரவில்லை. "அதான பாத்தேன், என்ன எழவுப் பொட்டு, எத்தன தடவ அமுக்கினாலும் நெத்தியில நிக்க மாட்டேங்குதேன்னு!"

நேர் கீழே

சந்தில் வாங்கிய அந்தப் பதினோரு பெயர்களையும் மதினியிடம் பிழை திருத்தக் கொடுத்திருந்தேன். கண்ணி வைத்தது வீணானாலும் வாக்குக் கொடுத்தாயிற்று, வெட்டித்தானே தீர வேண்டும். திருத்தி வந்த தாளை லேசர் மூடி மேல் விரித்தேன். செல்வத்துக்குப் புள்ளி வந்திருந்தது, முத்தையாவுக்கும் வந்திருந்தது. மதினி புள்ளியைக் குத்தி வைக்கமாட்டார். கடுகளவு வட்டம் போடுவார், நடுவில் வெள்ளை தெரியும். எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனால் அன்று கண் அங்கேயே நின்றது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்த மொட்டைக் கடுதாசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். 'மேல்' என்பதில் வட்டம். 'ஷீட்'டில் வட்டம். 'பிள்ளைத்தாய்ச்சி'யில் நான்கு வட்டம். கடுகளவு, நடுவில் வெள்ளை.

தாத்தாவின் களவுக் கதைகளில் தவறாமல் ஒரு இடம் வரும். ஊரே திரண்டு திருடனைத் தேடும். எல்லாருக்கும் முன்னால் தீப்பந்தம் பிடித்து வழிகாட்டிப் போகிறவனே திருடனாக இருப்பான். எத்தனை தடவை கேட்டு என்ன? எனக்கு அந்தக் கடுதாசியை வாசித்துக் காட்டியதே யார்? ஆனால் கோபம் வரவில்லை. மாமியார் மாலை போட்ட மெஷினை, புருஷன் ஆசைப்பட்ட மெஷினை, வந்து இரண்டு வருஷமான மருமகள் எந்த வாயால் வேண்டாம் என்பாள்? ஐந்தாம் மாத வாந்தியைப் பற்றி அம்மா சொன்னதை, ஒரு கம்பியைக்கூடக் காய்ச்சிப் பார்க்காமல் நான் நம்பியிருக்கிறேன்.

அம்மாவும் மதினியும் ஆஸ்பத்திரிக்குப் போன நாள் பார்த்துப் பீட்டரைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவனை மேலே லேசரில் அக்ரிலிக் வெட்டச் சொல்லிவிட்டு, நான் கீழே மதினி காய் நறுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். கால் மணி நேரம்தான். முதலில் நெயில் பாலிஷ் வாடை. பிறகு தொண்டையில் கரகரப்பு. பிறகு கண். பலகை இடுக்கெல்லாம் நூல் நூலாக இறங்கியது. அடுத்து ரூட்டரில் எம்டிஎஃப். மாவு சலித்த மாதிரி கொட்டியது, அதுவும் ஆகாது. கடைசியாக ரூட்டரில் அக்ரிலிக். சத்தம் மண்டையைப் பிளந்தது. ஆனால் விழுந்தது தேங்காய்த் துருவல் மாதிரிச் சீவல்; பலகை மேல் ஒரு தார்ப்பாய் விரித்ததும் அதுவும் நின்றது. முடிவு என் மூக்கிலும் கண்ணிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. லேசர் போகிறது, ரூட்டர் நிற்கிறது, எம்டிஎஃப் இந்த வீட்டுப்படி ஏறாது என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினேன். பீட்டர் என் முகத்தைப் பார்த்தான். "என்னல, ஒரு மெஷினுக்குப் போயி இப்படியா அழுவ?"

வழியனுப்பு

வீட்டில் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. உண்மையான வேறு காரணத்தைச் சொன்னேன். வருகிற ஷீட்டில் பாதி பிவிசி, லேசரில் போடவே முடியாது என்று அண்ணனுக்கு வாசலில் வைத்துப் பச்சை நெருப்பைக் காட்டினேன். இரண்டு தடவை காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, டெம்போ கூப்பிடப் போனார். அம்மா மாலையைக் கழற்றி ரூட்டருக்குப் போட்டாள். அவளுக்கு மாலை முக்கியம், மெஷின் அல்ல. இத்தனையும் நடந்தபோது மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஒரு கட்டுக் கீரைக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

முலுண்டில் சார் கதவைத் திறந்தார். பின்னாலேயே மாமி, டெம்போவைப் பார்த்ததும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். வாசனை கொஞ்சம் அதிகமாக இருக்கிறது சார், என்றேன். அவர் மாமியைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்து கேட்டார்: "உங்காத்துல யாருடா ஜட்ஜு?"

பொன்மணி

லேசர் போனதில் நஷ்டம் இல்லாமல் இல்லை. சின்ன எழுத்து வேலையெல்லாம் போயிற்று. ஆனால் மாட்டுங்கா மாமியின் விரல் கண்ணிலேயே நின்றது. பென்சில் முனை போன்ற மெல்லிய பிட் ஒன்றை மாட்டி, மெதுவாக ஓட்டி, இரண்டு பிட்டை உடைத்து, மூன்றாவதில் சுழிக்குள் திரும்பக் கற்றுக்கொண்டேன். மாமிக்கு மூன்று சுழியோடு வேறு பலகை போயிற்று. மதினி மதியம் கண்ணயரும் நேரத்தில் ரூட்டர் ஓடாது. அந்த நேரத்தில் மேலே உட்கார்ந்து சீவலைக் கூட்டுவேன். கீழே வாந்திச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான். முதல் வாரம் இரண்டு தடவை கேட்டது. அடுத்த வாரம் கேட்கவில்லை. நம்பாமல் இன்னும் ஒரு வாரம் பார்த்தேன். கேட்கவில்லை.

சந்துக்காரர்களின் பதினோரு பலகையோடு பன்னிரண்டாவதாக ஒன்று வெட்டினேன். 'பொன்மணி'. ரெண்டு சுழி 'ன்', மூணு சுழி 'ணி', ரெண்டும் துல்லியமாக. 'ன்' மேல் புள்ளியை மட்டும் எப்போதும் போல நிரப்பி வெட்டவில்லை. கடுகளவு வட்டமாக, நடுவில் துளை விட்டு வெட்டினேன். ஏணி வழியாகக் கீழே நீட்டினேன். மதினி வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், புள்ளியிடம் வந்ததும் நின்றுவிட்டார். கட்டைவிரலால் அந்தத் துளையை இரண்டு தடவை தடவினார். அம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்று ஒரு பார்வை. பிறகு மேலே என்னைப் பார்த்து, என்னைவிட மெல்லிய குரலில் சொன்னார்: "பிழை ஒண்ணும் இல்ல கொழுந்தனாரே. வார்டு ஆபீசுக்கு இனிப் போவாண்டாம்னு அந்த ஆளுகிட்ட நானே சொல்லிருதேன்."

ஆகவே ரூட்டரா லேசரா என்று என்னிடம் கேட்டு வரும் சக துயரிகளே, ஊரில் உள்ள ஷீட்டுக்கெல்லாம் கம்பி காய்ச்சுவதற்கு முன்னால், மெஷினுக்கு நேர் கீழே ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள், கடுதாசிச் செலவு மிச்சம்.